செலின் தண்ணீர் கேட்ட வீடுகள்

1

அயர்லாந்தின் இந்தச் சிறிய ஊருக்கு நாங்கள் வந்து, போன மாதத்தோடு நான்கு வருடம் முடிந்தது. என் மனைவி ஸ்டெல்லா இங்குள்ள மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்குக் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டுதான் நானும் மகள் செலினும் வந்தோம். செலினுக்கு அப்போது இரண்டு வயது, இப்போது ஆறு. நான் புதுக்கோட்டையில் ஒரு உதவிபெறும் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். இங்கே காலையில் நான்கு மணி நேரம் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். மற்ற நேரமெல்லாம் செலினோடுதான்.

நான்கு வருடம் முடிந்ததற்காக ஸ்டெல்லா கேசரி கிண்டியிருந்தாள். சாப்பிட உட்காரும்போது வீட்டுக்காரர் வந்தார். எழுபது வயதுக்காரர், நல்ல மனிதர். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். தங்கையோடு போய் இருக்கப்போகிறாராம். வருடக் கடைசிவரை நாங்கள் இருந்துகொள்ளலாம், அவசரமே இல்லை. கிளம்பும்போது “யூ ஆர் கிராண்ட்” என்றார்.

இந்த ஊரில் கிராண்ட் என்றால் சரி, பரவாயில்லை, கவலைப்படாதே, எல்லாம்தான். வந்த புதிதில், சாயம்போன சட்டையோடு கடைக்குப் போன என்னை எதற்காகக் கிராண்ட் என்கிறார்கள் என்று குழம்பியிருக்கிறேன். பட்டுப்புடவைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நாம் சொல்கிற வார்த்தை அல்லவா அது. இப்போது குழப்பமில்லை. நானும் கிராண்ட் என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். திரும்பிப் பார்த்தால் ஸ்டெல்லா கேசரித் தட்டைக் கையில் வைத்தபடி அடுக்களைக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது.

“எத்தனை மாசங்க ஆச்சு இந்தக் கொழாய்க்கு?” என்றாள்.

“ஒம்பது.”

அந்த ஒன்பது மாதத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். சொந்த ஊரில் இருப்பவர்கள் போனில் ‘பாப்பா எப்படி இருக்கு’ என்று கேட்கும்போதெல்லாம் ‘நல்லா இருக்கா’ என்று சொல்லி வைத்துவிடுகிறோம். சொல்ல ஆரம்பித்தால் நீளம்.

2

செலினுக்கு ஆட்டிசம். மூன்றரை வயதில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்துக்காக ஒரு வருடத்துக்கு மேல் வரிசையில் காத்திருந்தோம். பயிற்சிக்கு இன்னொரு வரிசை. ஒவ்வொரு படிவத்திலும் ‘வீட்டில் பேசும் மொழி’ என்று ஒரு கட்டம் இருக்கும். தமிழ் என்று எழுதுவேன். அடுத்த படிவத்திலும் அதையே கேட்பார்கள். குழந்தை அந்த மொழியைப் பேசுகிறாளா என்று கேட்க ஒரு கட்டமும் கிடையாது.

பயிற்சி ஆசிரியை பெயர் நோரீன். அவர் முதலில் எடுத்துக்கொண்டது தண்ணீரை. அதுவரை செலினுக்குத் தாகம் எடுத்தால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயின் மேல் வைப்பாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். கை ஒரு கரண்டி மாதிரி, அவ்வளவுதான். நோரீன் ஒரு டம்ளர் படம் போட்ட அட்டை செய்து கொடுத்தார். செலின் அந்த அட்டையை எடுத்து என்னிடம் நீட்ட வேண்டும். நீட்டினால்தான் குழாயைத் திறக்க வேண்டும். அழுதாலும், கையைப் பிடித்து இழுத்தாலும் திறக்கக் கூடாது.

அட்டைகளை பிரஸ்ஸில் வைத்துவிடுங்கள் என்று நோரீன் முதல் வாரம் நோட்டில் எழுதியிருந்தார். அச்சகத்தில் எதற்கு வைக்கச் சொல்கிறார் என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். இங்கே அலமாரிக்குப் பெயர் பிரஸ். அவள் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன். அந்த மாதத்தில் நாங்கள் சிரித்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்பது மாதம். ஒரு புதன்கிழமை சாயங்காலம், யாரும் சொல்லாமல், செலின் அலமாரியைத் திறந்து அட்டையை எடுத்து என் வயிற்றில் அழுத்தினாள். “வாட்டர் ப்ளீஸ்” என்றாள், நோரீன் சொல்கிற அதே இழுவையில். என் மகள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அது. உடனே குழாயைத் திறந்தேன்.

மறுநாள் பெருமையோடு பள்ளிக்கூடத்தில் சொன்னேன். அங்கே அவள் கேட்கவில்லை. அதே அட்டை, அதே டம்ளர். அட்டையைக் கையில் கொடுத்தால் கீழே போட்டாள். பள்ளிக் குழாய்க்குத் தனியாக நான்கு மாதம் பிடித்தது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நோரீன் பொறுமையாக விளக்கினார். எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி இல்லை, ஆனால் செலின் ‘தண்ணீர் கேட்பது’ என்று தனியாக ஒன்றைக் கற்றுக்கொள்ளவில்லை. இந்த அடுக்களை, இந்தக் குழாய், ஜன்னல் வெளிச்சம், அலமாரிக் கதவின் சத்தம், உங்கள் வயிறு, எல்லாம் சேர்ந்த ஒரு முழுப் படத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதில் ஒரு துண்டை மாற்றினாலும் அவளுக்கு அது வேறு படம். ஞாபகம் அவளுக்கு அளவுக்கு மேலேயே இருக்கிறது. அது பிறந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் வாத்தியார் புத்தி, இது வெறும் மனப்பாடம்தானே என்று சொல்லிக்கொண்டிருந்தது. மனப்பாடம் செய்கிற பிள்ளைகளைப் பதினைந்து வருடம் வகுப்பில் நான் எப்படி நடத்தினேன் என்பதும் ஞாபகம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

3

இந்த வருடம் மார்ச் மாதம் தலைமையாசிரியர் புதுக்கோட்டையிலிருந்து போன் செய்தார்.

“சார், ஒங்க லீவ இதுக்கு மேல நீட்டிக்க முடியாது. ஜூன்ல வந்து கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா வேல வேண்டாம்னு எழுதிக் குடுத்துருங்க. எனக்கும் போஸ்ட்ட நெரப்பணும்ல.”

சம்பளமில்லாத விடுப்பில்தான் நான் இங்கே இருந்தேன். ஒவ்வொரு வருடமும் ஒரு விண்ணப்பம், மூன்று நகல், மூன்று அலுவலகம். அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் என்றைக்காவது வாத்தியாராகத் திரும்புவேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவுக்கு அது தெரியும்.

“நீங்க செலினக் கூட்டிக்கிட்டுப் போயி ஆறு வாரம் இருந்து பாருங்க,” என்றாள். “அவளுக்கு அங்க ஒத்துவந்துச்சுன்னா நானும் வேலைய விட்டுட்டு வந்துர்றேன். ஒத்துவரலைன்னா நீங்க எழுதிக் குடுத்துருங்க. மனசுல வச்சுக்கிட்டே இருக்கக்கூடாது.”

ஈஸ்டர் விடுமுறையோடு மேலும் நான்கு வாரம் சேர்த்துப் பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கினோம். எங்கள் ஊர் ஆவூர்ப் பக்கம். அங்கே அண்ணன் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு.

திருச்சியில் இறங்கி, ஒரு வேலையாகப் புதுக்கோட்டைக்குப் போய், ஆட்டோவில் நாங்கள் முன்பு குடியிருந்த தெரு வழியாக வந்தோம். அந்த வாடகை வீட்டைத் தாண்டும்போது என் மடியிலிருந்த செலின் நிமிர்ந்தாள். “கேட்டச் சாத்து, மாடு வந்துரும்,” என்றாள்.

ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். அது எங்கள் பழைய வீட்டுக்கார அம்மாள் தினமும் மாடிப்படியில் நின்று சொல்லும் வாக்கியம். குரல்கூட அவருடைய குரல்தான், கடைசியில் லேசாக இருமுவது உட்பட. செலின் அந்த வீட்டை விட்டு வந்தபோது ஒரு வார்த்தையும் பேசியதில்லை. நான்கு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்றால் பதில் சொல்லத் தெரியாத பிள்ளை இரண்டு வயதில் கேட்டதைத் தமிழில், அப்படியே, அந்தக் கேட்டுக்கு முன்னால் சொல்கிறாள்.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க,” என்றாள். ஆட்டோ கேட்டைத் தாண்டிப் பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தது. செலின் சொல்லவில்லை.

நான் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். இவளுக்குள் எல்லாம் இருக்கிறது, அது இந்த மண்ணில்தான் வெளியே வரும், ஜூனில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று. அண்ணனிடம்கூடச் சொன்னேன். “அப்ப இங்கிட்டே வந்துர்றீங்களா? நல்லதுடா,” என்று அவன் என் தோளைத் தட்டினான்.

4

முதல் வாரத்தில் அட்டை போனது. அண்ணன் வீட்டு முற்றத்துக் குழாய்க்குப் பக்கத்தில் ஆணி அடித்து அட்டையைத் தொங்கவிட்டிருந்தேன். செலின் அதை ஒருதடவைகூடத் தொடவில்லை. இரண்டாவது வாரத்தில் கழிப்பறை போனது. இங்கே ஒரு வருடமாகத் தானே போய்க்கொண்டிருந்தவள் அங்கே நின்ற இடத்திலேயே போய்விட்டுக் கத்தினாள். செருப்பு மாட்டுவது, கை கழுவுவது என்று ஒவ்வொன்றாக, மேலே அடுக்கியதை முதலில் எடுப்பது மாதிரி போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். மூன்றாவது வாரத்தில் எழுத ஒன்றும் மிச்சமில்லை.

சொந்தக்காரர்கள் அன்பாகத்தான் வந்தார்கள். “பாப்பா பேரென்ன?” என்று குனிந்து கேட்பார்கள். “பாப்பா பேரென்ன?” என்று செலின் அவர்கள் குரலிலேயே திருப்பிச் சொல்லுவாள். “காது கேக்குதுல்ல? அப்பறம் என்ன,” என்றார் ஒருவர். “சீமையில வளந்த பிள்ள, நம்ம பேச்சு மறந்துருச்சு,” என்றார் இன்னொருவர். மறதி அல்ல என்று எப்படி விளக்குவது?

நான்காவது வாரம், மே மாத வெயிலில், அவள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினாள். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வாள். நான் எதிர்பார்த்தது, தாகம் எடுத்தால் பழையபடி என் கையைப் பிடித்தாவது இழுப்பாள் என்று. அதுவும் செய்யவில்லை. என் கை அந்த ஊரில் அவளுக்கு யாருடைய கையோ.

மதினிதான் முதலில் கவனித்தாள். “தம்பி, புள்ளைக்கு ஒதடு வெடிச்சிருக்கு. காலையிலேருந்து ஒன்னுக்குப் போகலையே. வண்டிய எடுக்கச் சொல்லுங்க ஒங்க அண்ணன.”

பக்கத்து ஊர் கிளினிக்கில் டிரிப் ஏற்றினார்கள். கையை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பாட்டில் முடியும்வரை நான் அவள் கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனில் ஸ்டெல்லா, “எத்தனை எம்.எல். ஏத்துறாங்க? ஊசி எங்க போட்டுருக்காங்க? வீக்கம் இருக்கா?” என்று நர்ஸாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் மட்டும், “அவ என்னைக் கேட்டாளா?” என்றாள்.

கேட்கவில்லை. கேட்டாள் என்று சொன்னேன்.

5

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது கந்தர்வக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். செலினை மதினியிடம் விட்டிருந்தேன். என் முதல் வேலை அங்கே பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில். ஆறாம் வகுப்பில் வள்ளி என்று ஒரு பெண். வகுப்பில் எல்லோருடைய பிறந்த தேதியும், எந்த நாள் எந்தக் கிழமை என்பதும் சொல்லுவாள். ஏழாம் வாய்பாடு தலைகீழாக வரும். ஏழெட்டு எவ்வளவு என்றால் ஐம்பத்தாறு. எட்டேழு எவ்வளவு என்றால் விழிப்பாள். மனப்பாடம் பண்ணிவிட்டு என்னை ஏமாற்றுகிறாள் என்று எனக்குக் கோபம் வரும். ஒரு வாரம் தொடர்ந்து வெளியே நிற்க வைத்தேன். அதற்கப்புறம் கொஞ்ச நாளில் அவள் பள்ளிக்கு வருவது நின்றது. ஏன் என்று நான் விசாரிக்கவில்லை. செலினுக்கு அந்தக் காகிதம் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து எனக்கு வள்ளியின் ஞாபகம்தான்.

விசாரித்துக்கொண்டு போனேன். முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் அம்மாவும் மகளும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மாரிக்கண்ணு என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார்.

“வாங்க சார். கையெல்லாம் சாம்பலு, கொட்டை எண்ணெ சுடாம பூசுனது. அந்தச் சாக்குல ஒக்காருங்க.”

“என்னைத் தெரியுதாம்மா?”

“தெரியாம என்ன. எங்க வள்ளி வாத்தியாரு.”

வள்ளிக்கு இப்போது இருபத்தைந்து இருக்கும். நிமிரவில்லை. கொட்டையைக் கல்லில் வைத்து, கட்டையால் ஒரே அடி. பருப்பு முழுசாக வந்து விழுந்தது. செலினைப் பற்றிச் சொன்னேன். அட்டை, குழாய், டிரிப் எல்லாம். மாரிக்கண்ணு வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“இவளுக்கு இந்த வேலைய எப்படிம்மா பழக்குனீங்க?”

“பழக்குனேன்னு சொல்ல முடியாது சார். பக்கத்துலயே ஒக்கார வச்சிருந்தேன். ஒரு வருசம் பாத்துக்கிட்டே இருந்தா. ஒருநா தானா கட்டையக் கையில எடுத்தா. இப்ப என்னையவிட முழுப்பருப்பு அவதான் எடுப்பா.”

“வேற எடத்துல ஒக்காந்து ஒடைப்பாளா?”

“மாட்டா. முந்தின கொட்டாயப் பிரிச்சு இருவது அடி அங்கிட்டுத் தள்ளிப் போட்டாங்க. மூணு மாசம் கட்டையத் தொடல சார். திரும்ப மொதல்லேருந்து.” கொஞ்சம் நிறுத்தி, “மகன் திருப்பூர்ல இருக்கான். வந்துரும்மா, வந்துரும்மாங்குறான். நா எங்கிட்டுப் போறது? இவள இங்கனேருந்து எடுத்தா இவகிட்ட ஒன்னும் இருக்காது,” என்றார். குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னார்.

கடைசியில், “நான் இவள வெளிய நிக்க வச்சிருக்கேன்மா,” என்றேன்.

“தெரியும் சார். அவதான் சொல்லுவாளே,” என்றவர் மகள் பக்கம் திரும்பி, “வள்ளி, சாரு பேரு கூப்புடுறதச் சொல்லு,” என்றார்.

வள்ளி கட்டையை நிறுத்தவில்லை. “இருபத்தொன்பது, ரஞ்சிதா. முப்பது, ரோஸ்லின். முப்பத்தொன்று, வள்ளி. எந்திரி. ஏழெட்டு எவ்வளவு? எட்டேழு எவ்வளவு? வெளிய போய் நில்லு. முப்பத்திரண்டு, விஜயா.” என் குரல். இருபத்தெட்டு வயதில் நான் எவ்வளவு எரிச்சலோடு பேசியிருக்கிறேன் என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

“கோவத்துல சொல்லல சார். தெனமும் சொல்லுவா, பாட்டு மாதிரி,” என்றார் மாரிக்கண்ணு.

“அதுக்கப்பறம் ஏம்மா ஸ்கூல நிப்பாட்டுனீங்க?”

“நா எங்க நிப்பாட்டுனேன். தெனமும் கொண்டாந்துதான் விட்டேன். வாசலோட நின்னுட்டா. உள்ள போன்னாலும் போகல. நீங்க ஒரு வாரம் நிக்க வச்சீங்கள்ல, அதுதான் தன்னோட எடம்னு பழகிக்கிட்டா. வெயில்ல எத்தன நாளு நிப்பா? அப்பறம் நானே கூட்டியாந்துட்டேன்.”

ஞாபகம் வந்தது. உள்ளே வா என்று நான் கூப்பிட்டும் அவள் வராமல் நின்ற ஒரு காலை. திமிர் என்று நினைத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். மாரிக்கண்ணு, “விடுங்க சார், ஒங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல,” என்றார். வள்ளியிடமும் கேட்டேன். அவள் என் சட்டைப் பையைப் பார்த்து, என் பிறந்த தேதியைச் சொன்னாள். சரியாக இருந்தது.

பஸ் நிறுத்தம் வரை வந்த மாரிக்கண்ணு சொன்னார்: “புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போங்க சார். எங்க படிஞ்சாளோ அங்கயே இருக்க விடுங்க. நீங்கதான் அங்க கெடக்கணும். வேற என்ன செய்யிறது?”

6

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். ‘சொந்தக் காரணங்களால்’ என்று எழுதச் சொன்னார் எழுத்தர். மூன்று நகல். தலைமையாசிரியர் டீ வாங்கிக் கொடுத்தார்.

இங்கே திரும்பி வந்தபோது அடுக்களையில் எல்லாம் உடனே திரும்பி வந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். மூன்று வாரம் ஆனது. ஜூன் பாதியில் அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டு நானும் ஸ்டெல்லாவும் இரண்டு அறைகளிலிருந்து ஓடிவந்தோம். இந்த வீட்டுக்காகத்தான் வேலையை எழுதிக் கொடுத்தேன். செப்டம்பரில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு கிடைத்திருக்கிறது. குடிபோக இன்னும் நாள் இருந்தாலும் சாவியை முன்கூட்டியே கொடுத்தார்கள். தினமும் ஒரு மணி நேரம் செலினை அங்கே கூட்டிப்போய்ப் பழக்குங்கள் என்றார் நோரீன். அதே டம்ளர், அதே அட்டை, அலமாரியிலும் அதே உயரம். விதி தெரியும்தானே என்றும் கேட்டார். தெரியும். அட்டையை நீட்டினால்தான் திறக்க வேண்டும். இப்போது இளகினால், பிறகு பல மாதம்.

இன்று மதியம் முதல் முறையாகப் போனோம். காலி வீடு. செலின் சுவரோரமாக எல்லா அறைகளையும் ஒரு சுற்று சுற்றினாள். அடுக்களையில் வந்து நின்றாள். அலமாரியைத் திறந்து அட்டையைக் காட்டினேன். பார்க்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன். இருபது நிமிடம் இருக்கும். அவள் வந்து என் கையைப் பிடித்தாள். இழுத்தாள். எழுந்தேன். என் கையைக் கொண்டுபோய்க் குழாயின் மேல் வைத்தாள்.

மூன்று வயதில் செய்ததுதான். ஒன்பது மாதம் பாடுபட்டு நாங்கள் மாற்றிய பழக்கம். ஆவூரில், உதடு வெடித்தபோதுகூட அவள் செய்யாதது. அட்டை என் இன்னொரு கையில் இருந்தது. அவள் தலை என் முழங்கையில் சாய்ந்திருந்தது, காத்துக்கொண்டு. பதினைந்து வருடம் வகுப்பில் நான் ஒரு விதியையும் தளர்த்தியதில்லை.

குழாயைத் திறந்துவிட்டேன். இரண்டு டம்ளர் குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“கார்டு காட்டாமயா குடுத்தீங்க?”

“ஆமா.”

அவள் ஷூவுக்குக் கயிறு கட்டி முடித்தாள். பிறகு சாவி எங்கே என்று கேட்டாள்.

“எதுக்கு?”

“நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். எங் கையையும் பிடிக்கிறாளான்னு பாக்கணும்.”